பின்வளவுக் குளத்தில் நீரடிச் செடி பிடிக்க வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பை அடுத்த வத்தளையில் எங்கள் வீட்டுப் பின்வளவில் ஒரு சீமெந்துக் குளம் இருக்கிறது. எட்டடி நீளம், ஐந்தடி அகலம், இரண்டடி ஆழம். கிட்டத்தட்ட 2,250 லீற்றர் பிடிக்கும். மச்சானுக்கு அவிசாவளைப் பக்கம் ஒரு காணி, அதில் மண்குளம். இரண்டிலும் செடி பிடிக்க வைக்கப் பட்ட பாட்டைப் பார்த்தவர்களும், தாங்கள் வைத்த செடி அழுகிப்போய் வந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிறவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

நீரடிச் செடி என்றால் தாமரையும் அல்லியும் சேருமா?

சேராது. அவற்றின் இலை தண்ணீருக்கு மேலே வந்து காற்றோடு உறவாடும். நான் சொல்வது வாழ்நாளில் பெரும்பகுதியைத் தண்ணீருக்குள்ளேயே கழிக்கும் செடிகளை. இவை வெளிச்சத்தைத் தண்ணீர் வழியாகத்தான் வாங்குகின்றன. கரியமில வாயுவையும் சத்தின் ஒரு பங்கையும் தண்ணீரிலிருந்தே எடுக்கின்றன. அதனால்தான் தண்ணீர் கெட்டால் முதலில் படுப்பவையும் இவைதான்.

மோட்டரும் ஃபில்டரும் பூட்டினால் போதாதா? செடி எதற்கு?

கொய் மீன் நிறைய வளர்க்கிறீர்கள் என்றால் ஃபில்டர் வேண்டும்தான். சின்னக் குளத்துக்கு, மின்கட்டணத்தை நினைத்துப் பார்த்தால், செடி மலிவு. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவையும் நைத்திரேற்றையும் அது உறிஞ்சும், பகலில் ஒட்சிசன் விடும், மீன் குஞ்சுக்கு ஒளிய இடம் கொடுக்கும். தண்ணீரும் தெளியும். ஆனால் தண்ணீர் ஓரளவு தெளிந்திருந்தால்தான் செடியே பிடிக்கும். கல்யாணம் முடிந்தால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் நடக்கும் என்கிற கதைதான். எல்லாச் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது.

நட்டு இரண்டு கிழமையில் எல்லாம் அழுகிவிடுகிறது. செடி சரியில்லையா?

பத்தில் எட்டுப் பேர் செடியைத்தான் குறை சொல்வார்கள். நானும் சொன்னேன். முதல் தரம் ஐந்து கட்டுச் செடி வாங்கி, அதே நாளில் நான்கு தங்கமீனையும் விட்டேன். பத்து நாளில் இலை ஒன்றும் இல்லை, ஈர்க்குமாறு போலத் தண்டு மட்டும் நின்றது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று வீடு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். பாவம் அந்த மனிதர். தின்றது மீன். மீன் விட்டு வைத்ததை முடித்தது இருட்டு.

வெளிச்சத்தை ஒரு பழைய வெள்ளைப் பீங்கான் தட்டால் அளக்கலாம். கயிற்றில் கட்டி, மத்தியானம் வெயில் இருக்கும்போது ஆறுதலாகத் தண்ணீருக்குள் இறக்குங்கள். தட்டு கண்ணுக்கு மறையும் இடத்தில் கயிற்றில் விரலை வைத்துப் பிடித்து அளந்து பாருங்கள். ஒன்றரை அடியில் மறைந்தால் அந்த ஒன்றரை அடிக்குள்தான் புதுச் செடி இருக்க வேண்டும். இரண்டடி ஆழத்து அடியில் கொண்டுபோய் நட்டால் அது இருட்டறையில் வைத்த பிள்ளை மாதிரி.

அதற்காகக் குளத்தைத் தூர்க்க வேண்டியதில்லை. செங்கல்லை அடுக்கி, அதன் மேல் சட்டியை வைத்து, நுனி மேற்பரப்புக்கு அரையடி கீழே நிற்கும்படி தொடங்குங்கள். செடி நீளும்போது ஒவ்வொரு கல்லாக எடுத்துச் சட்டியை இறக்குங்கள். எங்கள் வீட்டில் கடைசிக் கல்லை எடுக்க ஏழு கிழமை ஆனது.

மாமரத்துக்குக் கீழே குளம் வெட்டியவர்களுக்கு: நாளுக்கு நான்கைந்து மணி நேரமாவது நேர் வெயில் விழாத இடத்தில் நிழல் தாங்கும் கிரிப்ட் (கிரிப்டொகொரைன்) வகை தவிர வேறொன்றையும் முயல வேண்டாம். இலை உதிர்வது தனித் தலையிடி.

புதுச் சீமெந்துக் குளத்தில் உடனே நடலாமா?

கூடாது. புதுச் சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கசிந்து தண்ணீரைக் கடுமையான காரமாக்கும். நிரப்பி, நான்கைந்து நாள் விட்டு, இறைத்து ஊற்றி, மறுபடி நிரப்புங்கள். இப்படி நான்கு தரமாவது செய்யுங்கள். நம் ஊரில் மீன் வளர்க்கிறவர்கள் வாழைத்தண்டைத் துண்டு துண்டாக வெட்டித் தொட்டியில் ஒரு கிழமை ஊறப்போடுவார்கள். அழுகும்போது வரும் அமிலம் காரத்தை மட்டுப்படுத்தும். நாற்றம் அடிக்கும், அக்கம்பக்கத்தில் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். அதன் பிறகு உரசிக் கழுவி நிரப்ப வேண்டும். மீன் கடைகளில் விற்கும், தண்ணீரின் காரத்தையும் அமிலத்தையும் காட்டும் பிஎச் தாளில் 8க்குக் கீழே காட்டினால் நடத் தொடங்கலாம்.

குழாய்த்தண்ணீரில் உள்ள குளோரினால் செடிக்குப் பெரிய பாதிப்பில்லை. மீன் விடுவதாக இருந்தால் இரண்டு நாள் வெயிலில் திறந்து விடுங்கள்.

எந்தச் செடியில் தொடங்குவது?

ஐதரில்லா. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் புனலைக் கவிழ்த்து, மேலே சோதனைக்குழாய் வைத்து, ஒளித்தொகுப்பில் குமிழி வருகிறது என்று காட்டினார்களே, அதே செடி. நம் நாட்டுக் குளங்களில் இயற்கையாகவே இருப்பது. மங்கிய வெளிச்சத்திலும் தாக்குப்பிடிக்கும். வேகமாக வளர்வதால் தண்ணீரிலுள்ள மிச்சச் சத்தை முதலில் இதுதான் இழுத்துக்கொள்ளும். அமெரிக்காவில் இதே செடி ஏரிகளை அடைத்துக்கொண்டு பெரிய களையாகிவிட்டது. உங்கள் குளத்திலும் விட்டால் விட்ட இடமெல்லாம் பிடிக்கும், ஆகவே அளவோடு.

ஹோன்வேர்ட் இன்னும் இலகு. அதற்கு வேரே கிடையாது. ஒரு கல்லைக் கட்டிப் போட்டால் போதும். மண்ணே இல்லாத பொலித்தீன் குளத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

இந்த இரண்டும் பிடித்து, தண்ணீர் தெளிந்த பிறகு வலிஸ்னேரியாவுக்குப் போகலாம். நாடா போல நீண்ட இலை, ஓடுதண்டு விட்டுப் பக்கத்தில் பக்கத்தில் குட்டி போடும். கடற்கரைப் பக்கம் கிணற்றுத்தண்ணீர் கொஞ்சம் உவராக இருக்கும் வீடுகளிலும் இது சமாளிக்கும்.

அப்புறம் கிரிப்டொகொரைன். உலகம் முழுக்க மீன்தொட்டிகளில் இருக்கும் வென்டி என்ற வகை இலங்கைக்கே உரியது, நமது ஓடைகளில் பிறந்தது. ஜேர்மனியில் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிறார்கள், நமக்கு அது என்னவென்றே தெரியாது. நிழல் தாங்கும். மெதுவாகத்தான் வளரும், பொறுமை இல்லாதவர்களுக்கு இல்லை.

கெக்கட்டியவையும் விட மனமில்லை. பூந்தண்டைச் சந்தையில் கட்டுக் கட்டாகக் கறிக்கு விற்கிறார்களே, அதுதான். பள்ளியில் பாடமாக்கிய வெண்பாவில் ஆம்பலோடும் நெய்தலோடும் வருகிற கொட்டி இந்தக் குடும்பத்துச் செடி என்று தெரிந்தபோது எனக்குச் சின்ன ஆச்சரியம். அலையலையான இலை தண்ணீருக்குள் நிற்பது தனி அழகு. ஆனால் கறிக்கு விற்கும் தண்டை நட்டால் வராது, கிழங்கு வேண்டும்.

எத்தனை கட்டு வேண்டும், எப்படி நடுவது?

எங்கள் அளவுக் குளத்துக்குப் பத்துச் சட்டி. அடிப்பரப்பு நாற்பது சதுர அடி, அதில் பாதிக்குத்தான் செடி, இரண்டு சதுர அடிக்கு ஒரு சட்டி என்று கணக்கு.

சட்டி என்றால் தயிர்ச்சட்டி. எருமைத் தயிர் வாங்கிவிட்டுத் தூக்கி எறிகிறோமே, அந்த மண்சட்டிதான். அகலம், பாரம், கவிழாது. அடியில் இரண்டு விரல் உயரத்துக்குச் செம்மண் போடுங்கள். கொழும்புப் பக்கம் அத்திவாரம் வெட்டினாலே வருகிற கபுக் மண் போதும். அதில் இரும்பு நிறைய. வெளிநாடுகளில் இந்த வகை மண்ணைத்தான் பைக்கற்றில் அடைத்துத் தொட்டிக்காரருக்கு விற்கிறார்கள். அதன் மேல் கழுவிய ஆற்றுமணல் இரண்டு விரல், அதற்கு மேல் கொஞ்சம் சல்லிக்கல். மணலை அரிசி களைவது போல, களைந்த தண்ணீர் தெளியும்வரை கழுவ வேண்டும். இதில் சோம்பல்பட்டால் குளம் ஒரு மாதம் தேத்தண்ணி நிறத்தில் நிற்கும்.

ஐதரில்லாத் தண்டை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, ஐந்தாறு தண்டைச் சேர்த்து, கீழே இரண்டு கணு இலையைக் கிள்ளிவிட்டு, அந்தக் கணு மணலுக்குள் போகும்படி குத்துங்கள். வேர் கணுவிலிருந்துதான் வரும். கடையில் கட்டி வரும் ஈயப் பட்டியையும் றப்பர் வளையத்தையும் கழற்றிவிடுங்கள், அவை நெரிக்கும் இடத்தில்தான் அழுகல் தொடங்கும். வலிஸ்னேரியாவும் கிரிப்டும் வேறு மாதிரி: வேர் மட்டும் மண்ணுக்குள், இலையும் வேரும் சேரும் கழுத்து வெளியே. கழுத்தைப் புதைத்தால் செடி போய்விடும்.

சட்டியைத் தண்ணீருக்குள் இறக்கும்போது முதலில் விளிம்பில் சாய்த்துப் பிடித்து, தண்ணீர் மெதுவாக உள்ளே ஏறவிடுங்கள். குமிழி நின்ற பிறகு இறக்குங்கள். தொப்பென்று விட்டால் மண் கிளம்பிவிடும்.

எரு, கூட்டெரு ஏதும் போடலாமா?

வேண்டவே வேண்டாம். மாட்டெரு போட்ட குளம் மூன்றாம் நாள் பச்சையாகும், ஆறாம் நாள் மணக்கும். செம்மண்ணும் மீன் கழிவும் போதும்.

எந்த மாதத்தில் நடுவது நல்லது?

தை முதல் பங்குனி வரை. வெயில் நேராக விழும், மழை குறைவு. கொழும்பில் மழை உச்சம் மே மாதத்திலும் ஒக்டோபர், நவம்பரிலும். அப்போது வளவின் சேறெல்லாம் குளத்துக்குள் ஓடிவரும், புதுச் செடியைச் சேறு மூடும். அந்த மாதங்களைத் தவிருங்கள்.

கிரிப்ட் இலையெல்லாம் கண்ணாடி மாதிரியாகிக் கரைகிறது. பிடுங்கி எறியவா?

எறியாதீர்கள். எங்கள் அக்கா எறிந்தா, பிறகு நான் சொன்னதும் குப்பைக்கூடையில் தேடினா. இடம் மாறினால் கிரிப்ட் இப்படித்தான் செய்யும்: இலை ஒளி ஊடுருவும்படி ஆகி, நூல் நூலாகக் கரைந்துபோகும். வேர்த்தண்டு உயிரோடுதான் இருக்கும். கரைந்த இலையை மட்டும் நுள்ளி எடுத்துவிட்டுச் சட்டியை அசைக்காமல் விடுங்கள். மூன்று நான்கு கிழமையில் சட்டி நடுவில் பழுப்புநிற முளை ஒன்று, நெற்குருத்தளவு, எட்டிப் பார்க்கும். அந்த முளை வந்த பிறகு அதை யாராலும் அசைக்க முடியாது. ‘இடம் பார்ப்போமே’ என்று கிழமைக்கொரு தரம் மாற்றி வைத்தால் கிழமைக்கொரு தரம் கரையும்.

தண்ணீர் பச்சைப் பட்டாணிக் குழம்பு மாதிரி ஆகிவிட்டது. இறைத்து ஊற்றவா?

முழுதாக இறைத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பச்சை என்பது கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி. சத்தும் வெயிலும் இருக்கிறது, போட்டிக்குப் பெரிய செடி இல்லை என்பதற்கு அடையாளம். கொழும்பில் பேரை வாவியின் நிறத்தைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் நகரத்துக் கழிவுச் சத்து சேர்ந்து சேர்ந்து வந்ததுதான். புதுக் குளத்தில் முதல் ஒன்றரை மாதம் இது வரத்தான் செய்யும். மீன் தீனியை நிறுத்துங்கள், விழுந்த இலையை அள்ளுங்கள், கால்வாசித் தண்ணீரை மட்டும் கிழமைக்கொரு தரம் மாற்றுங்கள். ஒரு ஆம்பல் சட்டி வைத்து மூன்றிலொரு பங்கு மேற்பரப்புக்கு நிழல் கொடுப்பதும் உதவும். செடிச் சட்டிகளைக் கல் மேல் இன்னும் கொஞ்சம் உயர்த்துங்கள்.

மயில்துத்தமும் (செப்புச் சல்பேற்று) பாசி மருந்தும் வேண்டாம். நம் மென்னீரில் செம்பு மீனுக்குக் கூடுதல் நஞ்சு, நீங்கள் நட்ட செடியையும் சேர்த்தே முடித்துவிடும். நூல் பாசியா? பழைய தும்புத்தடியின் கைப்பிடியை விட்டுச் சுழற்றினால் இடியப்பம் போலச் சுற்றிக்கொண்டு வரும். பிள்ளைகளுக்குப் பிடித்த வேலை.

மீன் எப்போது விடலாம்?

செடி நட்டு இரண்டு மாதம் கழித்து (நுளம்புக்காக விடும் ஐந்தாறு கப்பி மட்டும் விலக்கு, அதைக் கீழே சொல்கிறேன்). அதுவும் கப்பி, ராஸ்போரா மாதிரிச் சின்ன மீன். தங்கமீன் மெல்லிய இலையைத் தின்னும், கொய் வேரோடு கிளறும், திலாப்பியா இரண்டையும் செய்யும்.

நுளம்பு வராதா? பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து தண்டம் எழுதுவார் என்று பயமாக இருக்கிறது.

மீன் திரியும் குளத்தில் நுளம்புக் குடம்பி தப்பாது. செடி பிடிக்கும் அந்த இரண்டு மாதம்தான் கவனிக்க வேண்டும். அதற்கு ஐந்தாறு கப்பியை முதல் கிழமையே விடலாம், அவை செடியை ஒன்றும் செய்யாது. நுளம்பு பெருகவிட்டால் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்குப் போடலாம் என்பது உண்மை. எங்கள் வீட்டுக்கு வந்த பி.எச்.ஐ. குளத்தை எட்டிப் பார்த்து, மீன் இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு, நேரே சுவரோரம் அடுக்கியிருந்த வெறும் தயிர்ச்சட்டிகளிடம் போனார். நான்கில் மழைத்தண்ணீர், ஒன்றில் குடம்பி. டெங்கு நுளம்புக்கு அந்தச் சட்டியளவு தண்ணீரே போதும். நல்ல மனிதர், எச்சரித்துவிட்டுப் போனார். சட்டி சேர்க்கிறவர்கள் கவிழ்த்து வையுங்கள்.

எதை வாங்கக் கூடாது?

ஆகாயத்தாமரை (வெங்காயத்தாமரை), சல்வீனியா, கபொம்பா. முதலிரண்டும் மிதப்பவை, அடியில் விழும் வெளிச்சத்தை ஒரு மாதத்தில் மூடிவிடும். ஆகாயத்தாமரைக்கு எதிராக இந்த நாட்டில் 1909இலேயே சட்டம் வந்துவிட்டது. சல்வீனியாவை 1939இல் கொழும்பில், அப்போதைய பல்கலைக்கழகக் கல்லூரித் தாவரவியல் பகுதிக்குப் படிப்புக்காகக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து தப்பி வயலையும் வாய்க்காலையும் மூடியது. அதைத் தின்னும் வண்டை 1986இல் கொண்டுவந்து விட வேண்டியதாயிற்று. ஒரு தொட்டிச் செடி செய்த வேலை.

கபொம்பா நீரடிச் செடிதான், அழகுதான், கடையில் மலிவுதான். தென்னமெரிக்காக்காரன், நம் ஓடைகளிலும் புகுந்துவிட்டான். கொழும்பில் ஒருவர் வளவு இன்னொருவர் வளவிலிருந்து தூரமில்லை. 2016 மே வெள்ளத்தில் களனிக் கரை ஊர்களில் குளம் எது வீதி எது என்று தெரியாமல் போனது. எங்கள் வீட்டுக் கான் ஹமில்டன் கால்வாயில்தான் போய்ச் சேர்கிறது, அதற்கப்பால் முத்துராஜவெல சதுப்பு நிலம். கொழும்பு நகரத்துக்கு 2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற பெயர் கிடைத்தது. அதன் சதுப்பில் நம் பின்வளவுச் செடி போய் இறங்க வேண்டாம்.

கடைச் செடி எதுவானாலும் நடுமுன் ஒரு வாளித் தண்ணீரில் கொண்டிஸ் (பொட்டாசியம் பர்மாங்கனேற்று) இளம் ரோசா நிறத்துக்குக் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து அலசுங்கள். இலையின் அடியில் பளபளவென்று கூழ் மாதிரி ஒட்டியிருந்தால் அது நத்தை முட்டை, நகத்தால் சுரண்டிவிடுங்கள். அதுக்குக் கொண்டிஸ் போதாது.

சிங்கராஜப் பக்கம் போகும்போது ஓடையில் நான்கு கிரிப்ட் பிடுங்கிவரலாமா?

வேண்டாம். காப்புக்காட்டில் பிடுங்குவது குற்றம். சில வகைகள் விரல்விட்டு எண்ணக்கூடிய ஓடைகளில் மட்டும்தான் மிஞ்சியிருக்கின்றன. வென்டி மீன் கடையிலேயே கிடைக்கும். பத்தரமுல்லைப் பக்கத்து நாற்றுமேடைகளிலும் கேட்டுப் பாருங்கள்.

தோட்டத்து மண்குளம் எப்போதும் கலங்கலாக இருக்கிறது. அங்கே என்ன செய்வது?

அவிசாவளைக் குளத்தில் பட்ட அனுபவம் இது. அரை ஏக்கருக்குக் குறைவு, நடுவில் ஆறடி ஆழம். பீங்கான் தட்டு ஒரு சாணில் மறைந்தது. மச்சான் சீனக்காரம் (படிகாரம்) போட்டால் தெளியும் என்றார். தெளியும்தான், ஆனால் அந்த மென்னீரில் பிஎச் சட்டென்று இறங்கி மீன் மிதந்துவிடும். முதலில் சேறு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தோம். ஒன்று, புல் இல்லாத வரம்பு. மழைக்கு மழை கரைந்து விழுந்துகொண்டிருந்தது. வெட்டிவேர் நட்டோம். இரண்டு, பக்கத்து வீட்டு மாடு இறங்கும் இடம். கம்பி அடித்தோம். மூன்று, திலாப்பியா. 1952இல் நாட்டுக்குள் வந்த மீன், குளத்து உணவுக்கு நல்லதுதான், ஆனால் முட்டையிட அடியில் தட்டுத் தட்டாகக் குழி பறிக்கும். அதை ஒழிக்க முடியவில்லை, அதனால் வலைக்கம்பி அடித்து ஒரு மூலையை மட்டும் மறித்தோம்.

அந்த மூலையில், ஆழம் குறைந்த ஓரத்தில் மட்டும் நட்டோம். கைப்பிடி ஐதரில்லாவைக் களிமண் உருண்டைக்குள் வைத்து, பழைய சாக்குத் துண்டில் சுற்றி, வாயைத் தளர்வாகக் கட்டி, வரம்பில் நின்றபடி எறிந்தோம். முப்பது எறிந்ததில் பாதிக்கு மேல் பிடித்தது. ஒரு வருடம் கழித்து அந்த மூலை மட்டும் தெளிந்து நின்றது. இப்போது செடி வேலியைத் தாண்டித் தானே போகிறது.

பிடித்தது சரி, இப்போது குளம் நிறைந்துவிட்டது. விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளக்கிறது.

செடி பகலில் ஒட்சிசன் கொடுக்கும், இரவில் மீனைப் போலவே அதுவும் எடுக்கும். விடியுமுன்தான் மிகக் குறைவு. பாதிக்கு மேல் நிறைந்தால் வெட்டுங்கள், ஒரே நாளில் எல்லாவற்றையும் அல்ல, மூன்றிலொரு பங்கு. மொத்தமாக வழித்தெடுத்தால் தண்ணீர் திரும்பப் பச்சையாகிவிடும். வெட்டியதைத் தென்னை அடியில் புதையுங்கள். கானில் போடாதீர்கள், ஐதரில்லா ஒரு கணு இருந்தாலே முளைத்துவிடும்.

கபரகொய்யா (நீர் உடும்பு) வந்து சட்டியெல்லாம் கவிழ்க்கிறது.

எங்கள் வீட்டிலும்தான். மீன் தேடி வருகிறது. சட்டிகளைக் கம்பியால் மூன்று மூன்றாகக் கட்டி வைத்தேன், இப்போது கவிழ்வதில்லை. வருவது நிற்கவில்லை.

நல்லூர்த் திருவிழாவுக்கு மூன்று கிழமை யாழ்ப்பாணம் போகிறோம். குளம் தாங்குமா?

செடி பிடித்த குளம் தாங்கும். போகுமுன் ஒரு தரம் வெட்டிவிட்டு, விளிம்பு வரை தண்ணீர் நிரப்புங்கள். கப்பிக்குத் தீனி தேவையில்லை, செடிக்குள் திரியும் பூச்சியும் பாசியும் போதும். பக்கத்து வீட்டு அன்ரியிடம் தண்ணீர் மட்டத்தைப் பார்க்கச் சொல்லலாம். பாண் போட வேண்டாம் என்பதை மட்டும் இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போங்கள்.